டெல்லி அவ்வளவு தூரமில்லை

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால்காரர் வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்து அட்லஸைக் கூடத்தில் விரித்துவைத்துத் தையல் நூல் ஒன்றைத் தண்ணீரில் நனைத்தேன். எதற்கென்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பதுதான். ரயில் பாதை வளைந்து வளைந்து போவதால் அளவுகோல் அங்கே உதவாது. ஈர நூலைப் பாதையின்மேல் ஒட்டிக்கொண்டே போய், பிறகு அதை எடுத்து நிமிர்த்தி அளக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை, காட்பாடி, சென்னை. அங்கிருந்து பெஜவாடா, வார்தா, நாகபுரி, இடார்சி, ஜான்சி, ஆக்ரா என்று நூலைக் கொண்டுபோய் டெல்லியில் நிறுத்தினேன். ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல் வந்தது. பிறகு அளவுகோலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நேராக வைத்தேன். ஆயிரத்துச் சொச்சம் மைல்தான். விமானம் போகும் வழி இதுதான் என்று நீ சொல்வாய். சென்னையில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறியதை நீ கணக்கில் சேர்க்கமாட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பிடிக்காத எண்களை நீ கணக்கில் சேர்ப்பதில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் தந்தி வந்தது. சௌக்கியமாகச் சேர்ந்தோம் என்று இரண்டே வார்த்தை. காலையில் அல்சூரில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்ட நீயும் புதுப்பெண் சுலோசனாவும் அன்று ராத்திரியே டெல்லியில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். இதை நினைக்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. உன்னுடைய டெல்லி வேலைக்கு நீ முதல் தடவை போனபோது மூன்று ராத்திரி ரயிலில் இருந்தாய். நான்காம் நாள் போட்ட கார்டு எனக்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அந்த நாட்கள் முழுவதும் நீ எங்கே இருக்கிறாய் என்று மனசுக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அதற்கு நேரமே இல்லை. நான் பள்ளிக்கூடம் போய், இரண்டு வகுப்பு எடுத்து, வீட்டுக்கு வந்து துணி மடித்துவைப்பதற்குள் நீங்கள் விந்திய மலையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் நீ ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத வேண்டும். நேரில் பதில் சொல்லாமல் விட்டது என் வழக்கத்துக்கு மாறானது என்று உனக்குத் தோன்றியிருக்கும். கல்யாணமெல்லாம் முடிந்து, புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் பின்கட்டில் நீ பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தாய்.

"அம்மா, நீயும் கிளம்பி வந்துடு. இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறே?"

"பரீட்சைப் பேப்பர் திருத்துவேன்."

"விளையாடாதம்மா. திடீர்னு உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி வந்து சேருவேன்? மூணு ராத்திரி ரயில்ல உட்காந்து வரணும்."

"இப்பத்தானே ஏரோப்ளேன்ல ஒரே நாள்னு சுலோசனாகிட்ட பெருமை அடிச்சுட்டு இருந்தே?"

"அது சீட்டு கிடைச்சா. மழை இல்லேன்னா. பனி இல்லேன்னா."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கயிற்றை முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்கு ஆன மாதிரி இன்னொரு தரம் ஆகக்கூடாதும்மா" என்றாய். கோபம் வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வந்தது கோபமில்லை. பன்னிரண்டு வருஷமாக நீ ஒரு பொய்யை உண்மையென்று நம்பி, அதன்மேல் உன் பயத்தையெல்லாம் கட்டியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைப் பெட்டி கட்டும் நேரத்தில் சொல்ல முடியாது.

நீ கேட்டது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் விஷயம் என்று நினைத்தாய். ஆனால் மறுநாள் காலைக்குள் அது ஊர் முடிவாகிவிட்டது. விமானக் கம்பெனியின் டவுன் ஆபீஸில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ஏரோட்ரோமுக்குப் போகும் கம்பெனி பஸ் வாசலில் நின்றது. தங்கவயலிலிருந்து வந்திருந்த உன் மாமனார், பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமான்களில் ஒன்றைக்கூட விடாமல் ஜட்காவில் கொண்டுவந்து இறக்கினார். பித்தளைத் தவலை, இரண்டு குத்துவிளக்கு, அதிரச டின், முறுக்கு டின். எடை போடுகிற பையன் தவலையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். தராசில் எடையைப் பார்த்த கன்னடக்கார குமாஸ்தா, "தூக்கா ரொம்ப ஜாஸ்தி ஆய்த்து சார். ஒருத்தருக்கு நாப்பத்துநாலு ராத்தல்தான்" என்றார்.

"என் பொண்ணைப் பாருங்க, எவ்வளவு ஒல்லியா இருக்கா. நீங்கதான் ஆளையும் நிறுத்துப் பாக்கறீங்களே? அதுல மிச்சமானதை இதுல கழிச்சுக்குங்க" என்றார் உன் மாமனார்.

"ஆளு கணக்கு ஆளுக்கு, சாமான் கணக்கு சாமானுக்கு."

"அப்ப மாப்பிள்ளை கணக்குல கொஞ்சம் சேத்துக்குங்க. அவரும் ஒல்லிதான்."

குமாஸ்தாவே சிரித்துவிட்டார். சுலோசனா வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் உன் பெரியப்பா, எல்லாரும் கேட்கும்படி, "விடுங்க சம்பந்தி, தம்பியோட அம்மா அடுத்த மாசம் ரயில்ல போகப்போறாங்க. எல்லாத்தையும் அவங்க எடுத்துட்டுப் போவாங்க" என்றார். தவலை திரும்ப ஜட்காவில் ஏறியது. நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி. நான் பஸ்ஸின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சரி என்று சொன்னதாக அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். பிரயாணம் போவது யாரோ, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் போன மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க மைத்துனர் வந்திருந்தார். இந்த மாசக் கடைசியில விட்டுட்டுப் போறீங்களாமே? பரீட்சை சமயத்துல இப்படி விட்டா நான் ஜியாகரஃபிக்கு யாரைப் போடுவேன்? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு முடிவு தெரியணும்" என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ராத்திரி சாப்பிட்டபின் நம் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே, "வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பாத்துட்டேன்மா. நம்ம ஜாதி ஆளுங்கதான். கிணத்தடி எல்லாம் சுத்தமா வச்சுப்பாங்க" என்றார். ஆக, என் வேலைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள், என் வீட்டுக்கு ஆள் பார்த்தாயிற்று. இந்த வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்காவிட்டால் என் வாழ்க்கை தவலையோடு சேர்த்து மூட்டை கட்டப்பட்டு ரயிலேறிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். அன்பினால் செய்கிறபோதுதான் ஆளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அப்பாவைப் பற்றி. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். மில் வேலையாக அப்பா பம்பாய் போயிருந்தார். குடல்வால் பழுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், உடனே வரும்படியும் காலையில் தந்தி வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அதனால் அன்று கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாரே, அவர் தந்திக்காரனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், "இன்னிக்கு மத்தியானம் பம்பாய்க்கு ஒரு ப்ளேன் இருக்குங்க. நடுவுல ஒரு எடத்துல நிக்கும், ராத்திரிக்குள்ள போயிடலாம். நான் போய் எடம் இருக்கான்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார்.

பெரியப்பா திகைத்துப்போனார். "பொம்பளையைத் தனியா ஆகாசத்துல அனுப்பறதா? நடுவுல எங்கயாவது எறக்கிவிட்டுட்டா?"

"எறக்கமாட்டாங்க சார்."

"சரி, எறக்கல. பம்பாய்ல போய் எறங்கினா? பாஷை தெரியாத ஊரு. யாரைக் கேட்டு எங்க போகும்?"

நான் உள்ளறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும். பி.ஏ. படித்தவள். பம்பாய் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தவள். அது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் எனக்கே ஞாபகம் வரவில்லை. பெரியப்பா 'போகும்' என்று யாரைச் சொன்னாரோ அந்த ஆளாகவே நானும் என்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

விமானம் வேண்டாமென்றால் சாயங்காலம் பூனா மெயில் இருந்தது. பெரியப்பாவே கூட வந்திருக்கலாம் என்று நீ கேட்பாய். தம்பி மனைவியைத் தனியாக அழைத்துக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் போவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்தக் காலத்தில் நான் அவர் எதிரில் உட்கார்ந்ததுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். எனவே கூடப்பிறந்தவன் ஒருவன் துணைக்கு வர வேண்டும் என்று முடிவாயிற்று. வேலூரில் இருந்த உன் மாமாவுக்குத் தந்தி போயிற்று. மாமா மறுநாள் மத்தியானம்தான் வந்தார். மறுநாள் சாயங்கால வண்டியில் நானும் மாமாவும் பெரியப்பாவும் ஏறினோம். பூனாவில் வண்டி மாறினோம். பம்பாயில் இறங்கியபோது விடிந்திருந்தது. அப்பா முந்தின நாள் ராத்திரி போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் வரைக்கும் நல்ல நினைவோடு இருந்ததாக நர்ஸ் சொன்னாள். என்னைக் கேட்டார், உன்னைக் கேட்டார் என்றெல்லாம் எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம், இந்த ஊர்க் காபி வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பாவை எனக்குத் தெரியும். ஊரில் இருக்கும் நல்ல காபியைப் பற்றிப் பேசினால் அவர் வீட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்குத் திரும்பியபோது, ஏன் அப்பாவைப் பார்க்க முடியவில்லை என்று நீ கேட்டாய். பெரியப்பா உன் தலையில் கைவைத்து, "பம்பாய் ரொம்ப தூரம்டா" என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அதை மறுக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எது சொன்னாலும் வலிக்கும், இது கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த வருஷம்தான் நீ ரயில்வே டைம்டேபிளைப் படிக்க ஆரம்பித்தாய். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல நீ எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். விமானம் வீட்டுக்கு மேலே தாழ்வாகப் பறந்து போகும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவாய். பையனுக்கு இதில் ஆசை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆசை இல்லை, எதிரியை அளந்துகொண்டிருந்தாய் என்று அன்றைக்குப் பின்கட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

தூரம் உன் அப்பாவை நம்மிடமிருந்து பிரிக்கவில்லை, தம்பி. அன்று மத்தியான விமானத்தில் போயிருந்தால் அவரைப் பார்த்திருப்பேன். சாயங்கால ரயிலில் போயிருந்தால்கூடப் பார்த்திருப்பேன். ஒரு பகலாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மைல் கணக்கு ஒரு நாளும் குறுக்கே வரவில்லை. துணைக்கு ஆள் தேடியதில் அந்த நாள் போயிற்று. பம்பாய் போக எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும் ரயிலுக்கு இத்தனை, விமானத்துக்கு இத்தனை என்று நீ சொல்வாய். கூட வர ஆள் கிடைக்கிறவரை வாசற்படியில் நிற்கும் நேரத்தை எந்த டைம்டேபிளிலும் போடுவதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவின்மேல் கோபப்படாதே. கோபப்பட்டால் நான் எழுதியதே வீண். அவர் தம்பியை இழந்தவர். அப்பா போனபிறகு நான் டீச்சர் வேலைக்காகப் பி.டி. படிக்கப் போகிறேன் என்றபோது நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள். அவர் ஒருவரிடமும் எதிர்த்துப் பேசாமல், தினமும் காலையில் என்னைக் காலேஜ் வாசல் வரை கொண்டுவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று நான் உள்ளே போனபிறகுதான் திரும்புவார். முதல் நாள் பள்ளிக்கூட வேலைக்குப் போனபோதும் அப்படித்தான். கொஞ்ச நாள் கழித்து அவரிடம், "மாமா, இனிமே நானே போய்க்கறேன்" என்றேன். "வழி தெரியுமா?" என்று கேட்டார். "நான் ஜியாகரஃபி டீச்சர்" என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அதற்கப்புறம் என்னை ஒரு நாளும் கொண்டுவிட வரவில்லை. இப்போது நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசுகிறோம். மனிதர்கள் மாறுகிறார்கள். ஆனால் யாராவது வெளியூர் என்றால் மட்டும் அவருக்குப் பழைய பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தை அவர் உனக்கும் கொடுத்திருக்கிறார். உன்னிடம் அது டெல்லி வேலையும் நல்ல இங்கிலீஷுமாக இருப்பதால் அடையாளம் தெரியவில்லை.

நீ என்னைக் கூப்பிட்டது பாசத்தால் என்று எனக்குத் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். எனக்கு நாற்பத்தாறு வயது. முட்டி வலிக்கவில்லை. அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டிருக்கிறேன். என் வகுப்பில் இருக்கும் பெண்களில் பாதிப்பேர் பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை, அவர்களில் ஒருத்தி போன வாரம், "டீச்சர், விந்திய மலைக்கு மேல மேகம் இருக்குன்னா டெல்லிக்குப் போற ப்ளேன் எப்படிப் போகும்?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது, ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இந்த வேலை எனக்குப் பிழைப்பு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எப்போது அது பிழைப்பாக இல்லாமல் போயிற்று என்று எனக்கே தெரியாது. உன்னுடைய குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அதில் ஒன்றில் நான் உட்கார்ந்து, நீ ஆபீஸிலிருந்து வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பெண் எதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? என்னையா, உன்னையா? புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அறை வேண்டும் என்பதை மாமியாரே எழுதினால் அசிங்கமாக இருக்கும், அதனால் இதோடு விடுகிறேன்.

சுலோசனாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை நீ கேட்டே ஆக வேண்டும். அவள் கெட்டிக்காரி. ஏரோட்ரோமில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், விமானத்தில் ஏறும்போது படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள், பார்த்தாயா? நீதான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே போனாய். அவளுக்குத் தங்கவயலில் அப்பா அம்மா இருக்கிறார்கள். ஒரு நாள் அங்கிருந்து தந்தி வரும். நல்ல சேதியோ, கெட்ட சேதியோ. அன்றைக்கு உனக்கு லீவு கிடைக்காது. ஆபீஸில் ஏதாவது அணைக்கட்டுக் கணக்கு இருக்கும். யார் கூடப் போவது என்று அவளை நிறுத்திவைக்காதே. இரண்டு நாளில் நான் வருகிறேன் என்று சொல்லாதே. அவள் கையில் சீட்டைக் கொடுத்து ஏற்றிவிடு. வழி தெரியாவிட்டால் கேட்டுப் போவாள். வாய் இருக்கிறது. என் கல்யாணத்தின்போது உன் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரும் நல்லவர்தான்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்று என்றால் நீ வந்து சேர முடியுமா என்று கேட்டாய். சேரலாம். சேராமலும் போகலாம். நான் உன் வீட்டில் அடுத்த அறையிலேயே இருந்தாலும், நீ ஏதோ வேலையாக நங்கல் அணைக்கட்டுக்கோ வேறெங்கோ போயிருக்கிற நாளில் அது நடக்கலாம். இதை நினைத்து நீ இன்றைக்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீ அப்படி வந்து சேரவில்லையென்றால் அது தூரத்தின் குற்றமாக இருக்கலாம், மழையின் குற்றமாக இருக்கலாம். உன் குற்றமாக இருக்காது. இதை என் கையெழுத்திலேயே எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அப்பா விட்டுப்போன இடம் நிரம்பும் என்று நீ எண்ணியிருந்தால் அது நடக்காது. அப்பாவின் இடம் அப்படியே இருக்கட்டும். அது நம் இருவருக்குமே பழகிவிட்டது.

டெல்லியை நான் பார்த்ததில்லை. பத்து வருஷமாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யமுனையின் கரை, கோடையில் அங்கே வீசும் லூ என்கிற அனல்காற்று, மார்கழியில் அங்கே இருக்கும் குளிர். எல்லாம் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் என் குரலே வேறு மாதிரி இருக்கும். உன் வீட்டையும் பார்க்க வேண்டும். சுலோசனா எப்படிக் குழம்பு வைக்கிறாள் என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியைக்கும் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. நாளை வெள்ளிக்கிழமை. காலையில் பள்ளிக்கூடத்தில் நான் எங்கும் போகவில்லை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது என் வகுப்பில் இருப்பேன் என்று சொல்லிவிடுவேன். சாயங்காலம் அங்கிருந்து நேராக விமானக் கம்பெனியின் டவுன் ஆபீஸுக்குப் போய், கோடை விடுமுறைக்கு டெல்லிக்கு ஒரே ஒரு ஆளுக்குச் சீட்டு வாங்கப் போகிறேன். போவதற்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்து. கூட யாரும் வரவேண்டாம். நீயும் என்னை அழைத்துப்போகச் சென்னை வரைக்கும் வராதே, வந்தால் எனக்குக் கோபம் வரும். பெரியப்பாவிடம் சீட்டை வாங்கிய பிறகுதான் சொல்வேன். துணைக்கு யாரை அனுப்பலாம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் உன் வீட்டு வாசலில் இருப்பேன்.

அம்மா